சக்கரத்தின் உட்காரும் பக்கம்

கதை எழுதத் துணிந்தமைக்காக வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இதுவரை நான் எழுதியவை விடுப்பு விண்ணப்பங்களும், பணி ஓய்வு பெற்ற ஒருவருக்கான பாராட்டு மடல் ஒன்றும்தான். அந்த மடலைக்கூட மேடையில் வேறொருவர்தான் வாசித்தார். எனினும், நன்கு தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால் பெரும்பிழை நேர்ந்துவிடாது என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன்.

பல்லுக்காரர் என்று எல்லோரும் அழைக்கும் அவர் பல் மருத்துவர் அல்லர். மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைக் கொண்டு செயற்கைப் பற்களைச் செய்து, தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புபவர். இருபத்தைந்து ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான வாய்களுக்குப் பல் கட்டியவர். ஒரு வாயையும் நேரில் பார்த்ததில்லை. வீட்டின் முன்னறையே அவருடைய பட்டறை. மேசையின் மீது மெருகு இயந்திரம், மெருகேற்ற ஈரமாக்கி வைத்த கல்தூள் நிறைந்த தட்டு, சுவர் அலமாரியில் சிரிக்கும் ஐம்பது வெள்ளைத் தாடைகள். புதிதாக வருபவர்கள் அந்த அலமாரியைப் பார்த்ததும் தம் வாயை மூடிக்கொள்வார்கள்.

அவருக்கு ஒரே ஓர் அக்கா. வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். நான்கு ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டபோது தம் பழைய காரைத் தம்பியின் வீட்டுப் பக்கவாட்டுக் கொட்டகையில் நிறுத்தி, சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டுச் சொன்னார்: "டேய், வண்டி நின்னா செத்துப்போயிடும்டா. வாரம் ஒரு தடவையாவது எடு. எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

"எடுக்கறேன்கா" என்றார் தம்பி. அப்போது அவர் பொய் சொல்லவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பின்னோக்கி எடுத்தார். கேட் தூணில் இடப்புறப் பின்சக்கரம் உரசி, கிறீச்சென்று எழுந்த அந்த ஓசை அவர் பல்லைக் கூச வைத்தது. இறங்கிப் பார்த்தார். அலுமினியச் சக்கரத்தின் விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு காயம். வண்டியை அங்குலம் அங்குலமாகக் கொட்டகைக்குள் திரும்பச் சேர்த்து, உறையைப் போர்த்தினார். அதன் பிறகு அந்த ஓட்டுநர் இருக்கையில் அமர அவருக்குத் துணிவு வரவில்லை.

அன்று மாலை அக்கா போனில் கேட்டார்: "வண்டி எடுத்தியாடா?"

"எடுத்தேன்கா."

"எந்தப் பக்கம் போனே?"

கேட் வரைக்கும் என்று சொல்ல நா எழவில்லை. "ஏரிக்கரை ரோட்டுப் பக்கம்" என்றார்.

"ஐயோ, எனக்குப் பிடிச்ச ரோடு!" என்று அக்கா அங்கே குதூகலித்தார்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். பல்லுக்காரருக்கு வாரத்துக்கு ஒன்று போதுமானதாக இருந்தது. ஞாயிறுதோறும் அக்கா கேட்க, ஞாயிறுதோறும் அவர் ஒரு பயணம் சொன்னார். ஏரியில் தண்ணீர் ஏறியது, இறங்கியது. பாலத்தில் வேலை நடந்தது. வளைவில் ஒரு டீக்கடை முளைத்தது. அந்தக் கடையில் ஒற்றைக்காது நாய் ஒன்று வந்து சேர்ந்தது. வண்டி நின்றதும் அந்த நாய் ஓடிவந்து முன்சக்கரத்தை முகர்ந்துவிட்டு, பிஸ்கட்டுக்காகக் காத்து நிற்கும். அக்கா சில வாரங்களில் தம்பி நலத்தை விசாரிப்பதற்கு முன்பே நாய் நலத்தை விசாரித்தார்.

பல்லுக்காரரின் மனைவி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் போனில் பேசும்போது விடைத்தாளைத் திருத்திக்கொண்டே கேட்பார். போன் வைக்கப்பட்டதும், "நாய்க்கு இன்னிக்கு ஜுரம்னு சொல்லியிருக்கலாமே, அடுத்த வாரத்துக்கும் ஆகியிருக்கும்" என்பார்.

இப்படி இருந்த வீட்டில்தான் அந்தச் செய்தி வந்தது. இரண்டு வாரத்தில், ஒரு சனிக்கிழமை, அக்கா வருகிறார். ஒரு மாத விடுப்பு. "ஞாயித்துக்கிழமை நாம ஏரிக்கரை ரோட்டுக்குப் போறோம்" என்று சொல்லியே போனை வைத்தார்.

பல்லுக்காரர் கொட்டகைக்குப் போய் உறையை விலக்கினார். டீச்சரும் பின்னால் வந்து நின்றார்.

"அண்ணிகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. திட்டுவாங்க. திட்டட்டுமே. யாரும் செத்துப்போகல."

"நாலு வருஷம் சொல்லிட்டேனே."

"நாலு வருஷம், வருஷத்துக்கு அம்பத்திரண்டு. இருநூத்தி எட்டு ஞாயிறு." டீச்சர் விரலை மடக்காமலே கணக்குச் சொன்னார். "அதுல ஒண்ணு கேட் வரைக்கும்."

"நம்பித்தானே குடுத்தாங்க. இப்ப போய் எல்லாம் பொய்னு சொன்னா, அப்புறம் என் வாயிலேர்ந்து வர்ற எதை அவங்க நம்புவாங்க?" என்றார் பல்லுக்காரர். இதுதான் அவருடைய அச்சம் முழுவதும். அக்கா திட்டுவது பற்றி அவருக்குக் கவலை இல்லை. தாயும் தகப்பனும் போன பிறகு அவரைப் படிக்க வைத்தவர் அந்த அக்கா. தம்பி சொல்வதை மறுகேள்வி கேட்காமல் நம்பும் ஒரே உயிர்.

மெக்கானிக் ஒருவர் வந்து இரண்டு நாளில் எஞ்சினை உயிர்ப்பித்தார். புது பேட்டரி, புது ஆயில், பிடித்துப்போயிருந்த பிரேக்குக்கு வைத்தியம். ஓடிய தூரம் காட்டும் மீட்டர் அக்கா காலத்திலேயே பழுதாகி நின்றிருந்ததால் அதைப் பற்றிய தொல்லை இல்லை. மிச்சம் இருந்தவை சக்கரங்கள்தாம். ஒரு காலத்தில் கண்ணாடி போல் இருந்த ஆறாறு கம்பிகள் கொண்ட அலுமினியச் சக்கரங்கள். இப்போது அவற்றின் மேல்பூச்சு கொப்புளித்து உரிந்து, அதனடியில் புழு ஊர்ந்தது போன்ற வெள்ளைக் கோடுகள் ஓடின. ஓரங்களில் சாம்பல் பூத்திருந்தது.

"இது என் வேலை இல்ல சார்" என்று மெக்கானிக் கைகழுவினார். "பாத்தாலே தெரியுது, நின்ன வண்டின்னு."

அந்தச் சொல் பல்லுக்காரருக்குச் சுருக்கென்றது. ஆனால் மறுகணமே ஒரு தெம்பும் வந்தது. மெருகேற்றுவது யாருடைய வேலை?

தெருமுனையில் டயர் கடை வைத்திருந்தவரை அழைத்து வந்தார். டயர்க்காரர் வண்டியைத் தூக்கி மரக்கட்டைகளின் மேல் நிறுத்தி, நான்கு சக்கரங்களையும் கழற்றி முன்னறையில் வரிசையாகச் சாய்த்து வைத்தார். டயர்களை அழுத்திப் பார்த்து, "மெதுவாப் போனா இந்த மாசத்துக்குத் தாங்கும்" என்றார்.

"மெருகு நான் பாத்துக்கறேன். மாட்டறதும் நானே மாட்டிக்கறேன். உங்க ஆளுங்க ஸ்பேனர் பட்டுக் கீறல் விழும்."

"தாராளமா சார். ஆனா மாட்டறதுக்கு முன்னாடி பின்பக்கம், அச்சுல உக்கார்ற இடம் இருக்கு பாருங்க, அதுல கம்பி பிரஷ் போட்டு நல்லாச் சொரண்டிருங்க."

பல்லுக்காரர் ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்குக் காட்டும் மரியாதையுடன் புன்னகைத்தார். "எங்க வேலையில உட்கார்ற பக்கத்தைத் தொடவே மாட்டோம்."

அது உண்மைதான். பல் செட்டின் வெளிப்பக்கத்தை முகம் தெரிய மெருகேற்றுவார்கள். ஈறின்மேல் அமரும் பக்கத்தில் கைவைக்க மாட்டார்கள். அங்கே ஒரு மயிரிழை தேய்த்தாலும் செட் ஆடும், சாப்பிடும்போது நழுவும், மருத்துவர் போன் செய்து வசை பாடுவார். இருபத்தைந்து ஆண்டுகளாக அவர் கையில் ஊறிய சட்டம் அது.

"அது வாய் சார். இது வண்டி" என்றார் டயர்க்காரர்.

"பொருத்தம்னா எல்லாம் ஒண்ணுதாங்க."

டயர்க்காரர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு எட்டு நாள் பல்லுக்காரர் சக்கரமே கதியாக இருந்தார். முதல் நாள் சோப்புத் தண்ணீரில் கழுவி, பிரேக் கரியை அகற்றினார். மறுநாள், பெயின்ட் உரிக்கும் களிம்பைத் தடவிக் காத்திருந்தார். பழைய மேல்பூச்சு வெயிலில் காய்ந்த தோல் போலச் சுருண்டு எழுந்தது. பிறகு உப்புத்தாள். முரட்டுத் தாளில் தொடங்கி, படிப்படியாக நைசுத் தாளுக்கு வந்து, ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றி, முந்தின தாளின் கீறலை அடுத்த தாளால் அழித்தார். இடப்புறப் பின்சக்கரத்தின் விளிம்பில் இருந்த விரல்நீளக் காயத்துக்கு மட்டும் ஒரு முழுநாள் ஆனது. காயத்தை மட்டும் தேய்த்தால் பள்ளம் தெரியும் என்பதால், சுற்றியுள்ள நல்ல உலோகத்தையும் அதன் ஆழத்துக்குக் கொண்டுவந்து சரித்தார். கேட் தூணில் உரசிய சுவடே இல்லாமல் போயிற்று.

கடைசியாகத் துணிச்சக்கரமும் மெருகுப் பசையும். டிரில்லில் மாட்டிய துணிச்சக்கரம் சுழலச் சுழல அலுமினியம் கறுத்துக்கொண்டு வரும், பயப்படக் கூடாது. பஞ்சுத் துணியால் அந்தக் கறுப்பைத் துடைத்தால் அடியிலிருந்து வெள்ளி எழும். கம்பிகளின் இடுக்குகளில் டிரில் நுழையாத இடத்துக்குக் கடைவாய்ப் பல்லுக்கு வைத்திருந்த சின்னக் கூம்புகளையும் பிரஷ்களையும் பயன்படுத்தினார். இடுக்கின் உட்புறம் பார்க்க நீளக் காம்பு வைத்த வாய்க்கண்ணாடியைச் செருகினார்.

விடைத்தாள் கட்டுடன் வந்த டீச்சர் வாசலிலேயே நின்றார். "என்னங்க, சொத்தை இருக்கா? வேர் சிகிச்சை பண்ணணுமா?"

"சிரிக்காதே. இங்க வந்து பாரு. உன் முகம் தெரியுது."

டீச்சர் குனிந்து பார்த்தார். "தெரியுது. மூக்கு மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கு." பிறகு, "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. இதுல பாதி நேரம் ஓட்டிப் பழகியிருந்தா ஏரிக்கரைக்கே போயிருக்கலாம்" என்றார்.

வாய்க்கண்ணாடியில் பின்புறத்தையும் அவர் பார்க்கத்தான் செய்தார். அச்சில் அமரும் வட்டப் பரப்பில் வெண்பொருக்கு, உப்புப் பூத்த பானை போல. இடப்புறப் பின்சக்கரத்தின் குடைவில் மண்போல் எதுவோ அப்பியிருந்தது. உட்காரும் பக்கம், தொடவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணமும் அதில் கொஞ்சம் இருந்தது என்பதை, அவர்மீதுள்ள மரியாதைக்குக் குறைவின்றி, இங்கே சொல்லியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை சக்கரங்களை மாட்டினார். ஸ்பேனருக்குப் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, ஒவ்வொரு சக்கரத்தின் நான்கு நட்டுகளையும் தம் முழுப் பலத்தையும் கொடுத்து முறுக்கினார். கடைசிச் சக்கரத்தைத் தூக்கும்போது அது கைநழுவி வலது கட்டைவிரலின்மேல் விழுந்து, நகம் கறுத்துப் பிறகு கழன்றே போனது. வலித்தது. ஆயினும், ஓட்டச் சொன்னால் காட்டுவதற்கு ஒரு கட்டுப்போட்ட விரல் கிடைத்ததே என்று உள்ளூர ஓர் ஆறுதல்.

சனிக்கிழமை அக்கா வந்து இறங்கினார். பெட்டிகள் வாசலில் நிற்க, நேரே கொட்டகைக்குப் போனார். சக்கரங்களைப் பார்த்தவர் அப்படியே குந்தி அமர்ந்துவிட்டார்.

"டேய்... வாங்கினப்பகூட இப்படி இல்லையேடா!" நெளிந்த தம் முகத்தை ஒவ்வொரு கம்பியிலும் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "இப்படி வச்சிருக்கியே. அங்க என்கூட இருக்கறவங்க எல்லாம், தம்பிகிட்ட வண்டி குடுத்தியா, இரும்புக் கடைக்குப் போயிருக்கும்னு கேலி பண்ணுவாளுங்க. எல்லாருக்கும் போட்டோ அனுப்பறேன் பாரு."

பல்லுக்காரர் வாயைத் திறந்தார். டீச்சர் அவரையே பார்த்தார். சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வராது. "விரல்ல அடிபட்டிருச்சுக்கா" என்றார் பல்லுக்காரர்.

மறுநாள் காலை அக்கா ஓட்டினார். தம்பி அருகில், டீச்சர் பின்னிருக்கையில். அக்காவின் மடியில் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

"யாருக்கு அண்ணி பிஸ்கட்?" என்று டீச்சர் கேட்டார். அவருக்கு விடை தெரியும்.

"ஒத்தக்காதனுக்குத்தான். அங்கேர்ந்து கொண்டு வந்தேன். உப்பு இல்லாத பிஸ்கட்."

பல்லுக்காரர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைகள், பள்ளி, மரப்பட்டறை எல்லாம் கடந்தன. அக்கா பேசிக்கொண்டே வந்தார். அங்கே ஞாயிறு மாலை பணி முடிந்து அறைக்கு வந்ததும் காலைக் கழுவிக்கொண்டு கட்டிலில் படுப்பாராம். போன் செய்வாராம். தம்பி சொல்லும் வழியில் கண்ணை மூடிக்கொண்டு கூடவே வருவாராம். "நீ பாலத்துல வேலை நடக்குதுன்னு சொன்னியே, அந்த வாரம் மட்டும் கொஞ்சம் கோவம் வந்துது. சுத்திப் போக வச்சிட்டாங்களேன்னு."

பாலம் வந்தது. அங்கே எந்தக் காலத்திலும் வேலை நடந்த அடையாளம் இல்லை. அக்கா அதைக் கவனிக்கவில்லை. அவர் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். டக், டக், டக்.

"என்னடா சத்தம்?"

"ரோடு சரியில்லக்கா."

"ரோடு நல்லாத்தான் இருக்கு." நோயாளியின் மூச்சைக் கேட்டுப் பழகிய காது அது. வேகத்தைக் குறைத்தார், சத்தமும் குறைந்தது. கூட்டினார், கூடியது. ஓரமாக நிறுத்தி இறங்கி, இடப்புறப் பின்சக்கரத்தின் அருகே குந்தினார். நான்கு நட்டுகளில் ஒன்று இல்லவே இல்லை. மற்றொன்றை இரு விரலால் திருகினார். சுழன்றது.

ஏரிக்கு இன்னும் சிறிது தூரமே இருந்தது. டீச்சர்தான் டயர்க்காரருக்குப் போன் செய்தார். அரைமணியில் அவர் ஸ்கூட்டரில் ஜாக்கியும் ஸ்பேனருமாக வந்து சேர்ந்தார். சக்கரத்தைக் கழற்றியதும் வெள்ளைப் பொடி கொட்டியது.

"சொரண்டச் சொன்னேனே சார். முறுக்கறப்ப இறுக்கமாத்தான் இருந்திருக்கும். நடுவுல இருந்த பொருக்கு ஓட்டத்துல நொறுங்கிருச்சு. அப்புறம் இறுக்கம் எங்கேர்ந்து வரும்? நல்லவேளை, அம்மா காதால கேட்டாங்க. இல்லேன்னா சக்கரம் தனியா ஏரிக்குக் குளிக்கப் போயிருக்கும்."

அவர் சக்கரத்தைக் கவிழ்த்தார். முன்பக்கம் வெள்ளியாக ஒளிர்ந்த அந்தச் சக்கரத்தின் பின்குடைவில், கைப்பிடி அளவுக்கு ஒரு குளவிக்கூடு. ஈரமண்ணை உருட்டி உருட்டி, ஒரு வரிசையின்மேல் இன்னொரு வரிசையாகக் கட்டியது. அடிவரிசை வெளிறி, மேல்வரிசை இன்னும் செம்மண் நிறத்தில். இத்தனை தூரம் ஓடியதில் ஓர் ஓரம் மட்டும் உதிர்ந்திருந்தது.

அக்கா அதை விரலால் தொட்டார். வரிசைகளை எண்ணினார்.

"ஓடற சக்கரத்துல குளவி வீடு கட்டாதுடா" என்றார்.

டயர்க்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு, மற்ற மூன்று சக்கரங்களைப் பார்க்கப் போவது போல் வண்டிக்கு மறுபுறம் போய்விட்டார்.

"எத்தனை தடவை எடுத்தே?"

"ஒரு தடவைக்கா. கேட் வரைக்கும். தூண்ல உரசிட்டேன். அப்புறம் பயம்."

"பயம்னு சொல்லியிருந்தா போதுமே. என்ன பண்ணியிருப்பேன் நான்? அந்த டயர்க்காரர்கிட்டச் சொல்லி எடுத்து ஓட்டச் சொல்லியிருப்பேன்." குரல் உயரவில்லை. அவர் உரக்கத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தம்பிக்குத் தோன்றியது. "அப்ப ஏரிக்கரை? டீக்கடை?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

அக்காவின் கையில் பிஸ்கட் பாக்கெட் இன்னும் இருந்தது. அதைப் பார்த்தார்; தம்பியைப் பார்த்தார்.

"நாயுமாடா?"

"நாயும் இல்லக்கா."

அக்கா சிரித்தார். அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. டீச்சரும் நம்பிக்கையுடன் சிரிக்கத் தொடங்கினார். ஆனால் அக்கா பாதியில் நிறுத்தி, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வண்டி போனாப் போகுது. இரும்புதானே. ராத்திரி டியூட்டில ஒருத்தர் செத்தாங்கன்னா, ஞாயித்துக்கிழமை வரட்டும், ஏரிக்கரைக்குப் போயிட்டு வந்துருவோம்னு நினைச்சுப்பேன். இனிமே எங்கே போறது?"

டயர்க்காரர் கம்பி பிரஷ்ஷால் பின்பக்கத்தைத் தேய்த்துச் சக்கரத்தை மாட்டினார். மற்ற மூன்றையும் கழற்றித் தேய்த்து மாட்டினார். மூன்றிலும் நட்டுகள் அரைச்சுற்று தளர்ந்திருந்தனவாம். குளவிக்கூட்டைத் தட்டிவிட வேண்டுமா என்று கேட்டார். "தட்டிடுங்க" என்றார் அக்கா. வண்டி அங்கிருந்தே திரும்பியது. ஏரிக்குப் போகவில்லை.

ஒரு மாதம் அக்கா அந்த வீட்டில்தான் இருந்தார். டீச்சருடன் கடைக்குப் போனார். தம்பியின் கட்டைவிரலுக்குத் தம் கையாலேயே மருந்து மாற்றினார். வெள்ளைத் தாடைகளுக்கு முன்னால் நின்று கேலி பேசினார். புறப்படும் நாளில் சாவியை டயர்க்காரரிடம் கொடுத்தார். "வாரம் ஒரு தடவை, ஏரிக்கரை ரோட்டுல. நிஜமாவே" என்று மட்டும் சொன்னார். டயர்க்காரர் சொன்னபடி ஞாயிறுதோறும் எடுக்கிறார். வண்டி தெருவைக் கடக்கும்போது பல்லுக்காரர் சன்னலில் நின்று பார்ப்பார். மேல்பூச்சு இல்லாத அலுமினியம் காற்றுப் பட்டாலே மங்கும். மெருகுப் பசையை எடுத்துக்கொண்டு போய், தேய்த்துத் தரட்டுமா என்று கேட்க அவருக்குக் கூச்சம்.

அக்கா இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறார். உடம்பைக் கேட்கிறார், டீச்சரைக் கேட்கிறார். "சாப்பிட்டேன்கா" என்று தம்பி சொன்னால், "போனை டீச்சரம்மாகிட்டக் குடு" என்று சொல்லி, அதையே டீச்சரிடமும் ஒரு முறை கேட்டுக்கொள்கிறார்.

இந்தக் கதையில் இழந்தவற்றைச் சொல்லி, வாசகர்களின் பொறுமைக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன். நட்டு ஒன்று, தேடியும் கிடைக்கவில்லை. கட்டைவிரல் நகம் ஒன்று. அது மீண்டும் வளர்ந்துவிட்டது. நான்கு சக்கரங்களின் மேல்பூச்சு. அவற்றின் மெருகு, ஏறக்குறைய முழுவதும். உப்பில்லாத பிஸ்கட் ஒரு பாக்கெட். பல ஆண்டு உழைப்பில் கட்டிய குளவிக்கூடு ஒன்று. ஒரு டீக்கடை. ஒற்றைக்காது நாய் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகள் இருநூற்றெட்டு.